குட்டி சுல்காட்டாவுக்கு என்ன விரிப்பது: பழைய பேப்பரா, தேங்காய் நார்த்தூளா?

மாடிவீட்டு ஆமை (பாயா தெருபோங், பினாங்கு)
வணக்கம். உள்ளங்கை அளவில் ஒரு சுல்காட்டா ஆமைக்குட்டி வளர்க்கிறேன். கொண்டோ அடுக்குமாடியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டிதான் அதன் வீடு. காலையில் கொஞ்சம் பால்கனி வெயில், மற்ற நேரமெல்லாம் அறைக்குள். கடையில் முயலுக்குப் போடும் மரச்சீவலைக் கொடுத்தார்கள். நண்பரோ பேப்பரே போதும் என்கிறார். எதைப் போடலாம், எப்போது மாற்றுவது?

பட்டர்வொர்த் அண்ணாச்சி
சீவலை இன்றே எடுத்துவிடுங்கள் தம்பி. பைன், சீடர் சீவலில் இருக்கும் வாசனை எண்ணெய் ஆமையின் மூச்சுக்கு ஆகாது. என் கட்சி பேப்பர்தான். கழிவு கண்ணுக்குத் தெரியும், சுருட்டி எறிந்தால் வேலை முடிந்தது. பினாங்கில் ஏற்கனவே காற்றில் ஈரம் 80 சதவீதம். இதில் ஈர மண்ணையும் போட்டால் அடி ஓடு அழுகும். சுல்காட்டா சஹாராவின் தெற்கு ஓரத்து உயிர், அதற்கு எதற்கு ஈரம்?

ஈரமண்
அண்ணே, அந்த வறண்ட ஊரில் அது வெட்டவெளியிலா கிடக்கிறது? ஆழமாக வளை தோண்டி உள்ளே போய்விடுகிறது. வளைக்குள் வெளியைவிட ஈரம் அதிகம். சுல்காட்டா குட்டிகளை வைத்தே செய்த ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. 24 முதல் 58 சதவீத ஈரப்பதத்தில் வளர்ந்த குட்டிகளுக்கு ஓடு மேடு மேடாகக் கட்டியது, 45 முதல் 99 சதவீதத்தில் வளர்ந்தவற்றுக்கு அந்த அளவு இல்லை. தீனியில் இருந்த புரதத்துக்கு இதில் பங்கு குறைவுதான். பேப்பரில் இன்னொரு கோளாறும் உண்டு. கால் வழுக்கும், புதையவும் முடியாது. ஈரமாக்கிய தேங்காய் நார்த்தூள்தான் என் கட்சி.

பட்டர்வொர்த் அண்ணாச்சி
அதைத்தானே சொல்கிறேன், 80 சதவீதம் இங்கே சும்மாவே இருக்கிறது!

ஈரமண்
வெளியில் இருக்கிறது. அறைக்குள்? தம்பி, ஏர்கான் போடுகிறீர்களா?

மாடிவீட்டு ஆமை
ராத்திரி முழுக்க ஓடும் அக்கா. 23இல் வைப்போம்.

பட்டர்வொர்த் அண்ணாச்சி
போச்சு. அந்தக் குளிரில் ஈர நாரில் படுத்தால் நெஞ்சில் சளி கட்டும். மூக்கில் குமிழி வரும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பேப்பரில் கிடந்தாலாவது பிழைக்கும்.

ஈரமண்
குளிரையும் ஈரத்தையும் சேர்த்து வைக்கக் கூடாது, அதில் அண்ணனோடு சண்டை இல்லை. ஆனால் மாற்ற வேண்டியது அறையை, நாரை அல்ல. தொட்டியை ஹாலுக்குக் கொண்டு போங்கள். இரவிலும் 26 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஏர்கான் காற்றின் ஈரத்தையும் இழுத்துவிடும். அந்த அறையில் வெறும் பேப்பரில் விட்டால் நீங்கள் பினாங்கில் இருந்தும் ஆமை பினாங்கில் இல்லை.

ரெலாவ் நர்சரிக்காரி
இரண்டு பேரும் சண்டையில் நாரை எப்படிப் போடுவது என்று சொல்லவே இல்லை. கட்டியாக விற்கும் நார்த்தூளை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், உப்பு போகட்டும். பாலிக் புலாவ் பக்கம் மிளகாய்ச் செடி வளர்த்த பைகளிலிருந்து எடுத்த பழைய நாரை இலவசமாகத் தருவார்கள், வாங்காதீர்கள். அதில் உரம் ஊறியிருக்கும்.

அலசியதை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் சொட்டினால் ஈரம் அதிகம், இன்னும் உலர வேண்டும். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் போதாது. சொட்டாமல் உருண்டையாக நின்றால் சரி. தொட்டியில் நாலு விரல் உயரம் பரப்புங்கள், குட்டி பாதி புதையட்டும். மேலே தெளிக்காமல் மூலையில் தண்ணீர் ஊற்றினால் அடி நனையும், மேற்பரப்பு காய்ந்தே இருக்கும். அண்ணாச்சி பயப்படும் அழுகல், மேலே சதசதவென்று இருக்கும்போதுதான் வருகிறது.

கழிவும் வெள்ளைப் பசை மாதிரி வரும் சிறுநீரும் தெரிந்தால் அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். மீந்த கீரையை ராத்திரி வரை விடாதீர்கள், நம் ஊரில் மறுநாளே பூஞ்சை. வாரம் ஒருமுறை கிளறி, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். புளித்த வாடை வந்தால் காத்திருக்க வேண்டாம். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், ஆமையிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

பட்டர்வொர்த் அண்ணாச்சி
நாரைத் தின்று குடல் அடைத்தால்?

ரெலாவ் நர்சரிக்காரி
மணலில்தான் அந்தப் பயம் அதிகம் அண்ணாச்சி. தீனியைத் தட்டையான ஓட்டுக்கல்லில் வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். உடம்பில் நீர் இருந்தால் கொஞ்சம் நார் உள்ளே போனாலும் வெளியே வந்துவிடும்.

பட்டர்வொர்த் அண்ணாச்சி
நோய் வந்த ஆமைக்கும் புதிதாக வந்த ஆமைக்கும் பேப்பர்தான், அதில் நான் இறங்கிவர மாட்டேன். தம்பிக்கு வேறொரு கேள்வி: வளர்ந்தால் இது 40 கிலோவையும் தாண்டலாம். கொண்டோ நிர்வாகத்திடம் பேசிவிட்டீர்களா?

மாடிவீட்டு ஆமை
40 கிலோவா? கடைக்காரர் சாப்பாட்டுத் தட்டு அளவு என்றாரே!