புதிதாக கேஎல் (கோலாலம்பூர்) வந்தவர்களுக்கு: ஆவணங்களைக் கடவுச்சொல் போட்டுப் பொதிந்து (ஒரே கோப்பாகக் கட்டி) அனுப்புவது

வேலை பெர்மிட்டுக்கு, வாடகை வீட்டு ஏஜெண்டுக்கு, வங்கிக் கணக்குக்கு என்று கடப்பிதழ் நகலும் பட்டச் சான்றிதழும் வேலை ஒப்பந்தமும் முதல் மாதத்திலேயே பல பேர் கைக்குப் போய்விடும், அதுவும் பெரும்பாலும் வாட்சாப்பில், பூட்டு எதுவும் இல்லாமல். கம்பெனி எச்.ஆருக்கு அனுப்பும்போதும், ஊரில் அப்பா அம்மாவிடம் ஒரு பிரதி வைக்கும்போதும், பென்டிரைவில் போட்டுக்கொள்ளும்போதும் பொதிந்து பூட்டி வையுங்கள். அரசுத் தளங்களில் ஏற்றுவதற்கு மட்டும் இது உதவாது. அங்கே கேட்பது சாதாரண பிடிஎஃப்.

கருவி செவன்-சிப். இலவசம், ஈகோர் பாவ்லோவ் 1999 முதல் எழுதி வருவது. கட்டளைகளை இங்கே தமிழ் ஒலியில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். உபுண்டு லினக்ஸில் 'சுடோ ஏபிடி இன்ஸ்டால்' போட்டு பி7சிப்-ஃபுல் என்ற மென்பொருளை நிறுவலாம், கட்டளை 7இசட். மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி வழியாக செவன்சிப் என்ற பெயரில் வரும். அங்கே கட்டளை 7இசட்இசட், இரண்டு இசட். விண்டோஸில் நிறுவியபின் 7இசட் என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும். நிறுவல் பழுதில்லை, பாத் பட்டியலில் (கணினி கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) அது சேர்வதில்லை, அவ்வளவுதான். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் 7-சிப் கோப்புறையைப் பாத்தில் சேர்த்துவிட்டு, கட்டளைச் சாளரத்தை மூடித் திறங்கள்.

இனி வேலை. ஆவணங்கள் இருக்கும் கோப்புறைக்கு டாக்ஸ் என்று பெயர் என்று வைத்துக்கொள்வோம்:

7இசட் ஏ -பி -எம்எச்இ=ஆன் பேப்பர்ஸ்.7இசட் டாக்ஸ்

ஏ என்றால் சேர். -பி என்றால் கடவுச்சொல். -பிக்குப் பின்னால் எதையும் ஒட்டாமல் விடுங்கள். அதுவே இரண்டு முறை கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம். கடவுச்சொல்லை -பியோடு சேர்த்து எழுதினால் அது டெர்மினலின் (கட்டளைச் சாளரத்தின்) வரலாற்றில் அப்படியே பதிந்துவிடும். பகிர்ந்து பயன்படுத்தும் கணினி என்றால், கட்டளை ஓடும் நேரத்தில் இன்னொருவர் இயங்கும் நிரல்களின் பட்டியலிலும் அதைப் பார்க்க முடியும். டாலர் குறி, ஆச்சரியக் குறி உள்ள கடவுச்சொல் என்றால் இன்னும் சிக்கல்: கட்டளையைப் படிக்கும் ஷெல் என்ற நிரல் அவற்றுக்கு வேறு பொருள் கொண்டு, நீங்கள் நினைக்காத ஒன்றால் பூட்டிவிடும்.

-எம்எச்இ=ஆன் இருப்பதுதான் பலர் விட்டுவிடும் இடம். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது பூட்டப்படும், ஆனால் கோப்புகளின் பெயர்கள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கோப்புக்குக் கடப்பிதழ் எண்ணையே பெயராக வைத்திருந்தால், பூட்டியும் என்ன பயன்?

அடுத்து, சிப் வடிவம். லினக்ஸிலும் மேக்கிலும் உள்ள பழைய 'சிப் -இ' கட்டளை கடவுச்சொல் கேட்கும், பூட்டியது போலவே இருக்கும். ஆனால் அது பயன்படுத்துவது சிப்கிரிப்டோ என்ற பழைய முறை. பொதிக்குள் இருக்கும் ஒரு கோப்பின் சிறு பகுதி தெரிந்தாலே அதை உடைக்கலாம் என்று பிஹாம், கோச்சர் இருவரும் 1994லேயே காட்டிவிட்டார்கள். சம்பளச் சீட்டுக்கும் கடப்பிதழுக்கும் அது போதாது. பெறுபவர் சிப்தான் வேண்டும் என்றால் 7இசட்டிலேயே -எம்எச்இ=ஆனுக்குப் பதில் -டிசிப் -எம்இஎம்=ஏஇஎஸ்256 போடுங்கள் (ஏஇஎஸ் என்பது வலுவான பூட்டு முறை, இது மட்டும் பெரிய எழுத்து). ஆனால் சிப்பில் கோப்புப் பெயர்களை மறைக்க வழியில்லை. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் திறக்கவில்லை என்று அவர்கள் சொன்னால், செவன்-சிப்பில் திறக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு போனில் இசட்ஆர்க்கைவர் போதும்.

பொதிந்ததும் '7இசட் டி பேப்பர்ஸ்.7இசட்' என்று சோதியுங்கள். கடவுச்சொல் கேட்டு, 'எவரிதிங் இஸ் ஓகே' என்று வந்த பிறகுதான் மூலக் கோப்புகளில் கை வைக்கலாம். பொதிந்தவுடன் மூலத்தை அழிக்கும் -எஸ்டெல் பக்கம் போகவே வேண்டாம். பிரிக்கும்போது எக்ஸ் போடுங்கள், இ போடாதீர்கள். இ கோப்புறை அமைப்பைக் கலைத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டும். கணவன், மனைவி கோப்புறைகள் இரண்டிலும் பாஸ்போர்ட்.பிடிஎஃப் இருந்தால், ஒன்றின் மேல் ஒன்றை எழுதவா என்று கேட்கும், ஆம் என்றால் ஒன்று போய்விடும்.

அளவு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் ஜேபெக்கும் ஏற்கெனவே சுருங்கியவை. ஜிமெயிலின் 25 எம்பி வரம்பைத் தாண்டினால் -வி10எம் சேருங்கள், 10 எம்பி துண்டுகளாக வரும். பெறுபவர் எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, .001 என்று முடிவதைத் திறக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் முழுசாகப் பிரிக்க முடியாது.

கடவுச்சொல்லாகப் பிறந்த தேதி, போன் எண், கடப்பிதழ் எண் வேண்டாம். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களை ஆங்கில எழுத்தில் கோர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் வைத்தால் வேறு கணினியில் தட்டவே கஷ்டப்படலாம். கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் கடவுச்சொல்லைப் போனில் சொல்லுங்கள். மறந்துவிட்டால் மீட்க வழியே கிடையாது.

பதில் 1 (பாயான் லெப்பாஸ், பினாங்கு): அண்ணே, லினக்ஸ்காரர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். 7இசட் கோப்புகளின் உரிமையாளர் விவரத்தைச் சேமிப்பதில்லை. ஹோம் கோப்புறையையே காப்பெடுப்பதென்றால் டார் (கோப்புகளைக் கட்டும் கட்டளை) போட்டு ஜிபிஜி-க்கு (பூட்டும் கட்டளை) அனுப்புங்கள்: டார் -சிஇசட்எஃப் - டாக்ஸ் | ஜிபிஜி -சி -ஓ டாக்ஸ்.ஜிபிஜி. டாருக்குத் தனியாகக் கடவுச்சொல் வசதி இல்லை, பூட்டுவது ஜிபிஜிதான்.

பதில் 2 (பிரிக்பீல்ட்ஸ்): போட்ட கடவுச்சொல்லைப் பிறகு மாற்ற முடியுமா அண்ணே?

பதில் 3: நேரடியாக முடியாது தம்பி. பிரித்து எடுத்து, புதிய சொல்லோடு வேறு பெயரில் மறுபடி பொதியுங்கள், சோதித்தபின் பழையதை அழியுங்கள். முன்பு அனுப்பிய பிரதி மட்டும் பழைய சொல்லிலேயே திறக்கும், அதனால் அதையும் அழிக்கச் சொல்லிவிடுங்கள்.