சர்க்கரை இறங்கிய ஓட்டுநரைக் குடிபோதை என்று பிடித்தால் என்ன செய்வது?

கேள்வி

அண்ணனுக்கு வெகுநாளாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறார், குடிப்பழக்கம் அறவே கிடையாது. போன வாரம் வண்டி ஓட்டும்போது சர்க்கரை இறங்கியிருக்கிறது, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துப் போலீஸ் நிறுத்தியிருக்கிறார்கள். பேர் கேட்டால் நாக்கு குழறுகிறது, இறங்கச் சொன்னால் கால் தள்ளாடுகிறது, அதட்டியதும் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். ஊதச் சொன்ன மெஷினில் பூஜ்யம் வந்த பிறகும் வேறு ஏதோ போதை என்று உட்கார வைத்துவிட்டார்கள். நான் போனபோது சட்டை முழுக்க வியர்வை, என்னையே யாரென்று கேட்கிறார். பையிலிருந்த குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் 46. அந்தப் பை அவ்வளவு நேரமும் அவர் மடியில்தான் இருந்தது. இப்படி மற்றவர்களுக்கும் நடக்கிறதா? மெஷினே தவறாகக் காட்டவும் வாய்ப்பு உண்டா?

அவசரப் பிரிவு நர்ஸ்

நடக்கிறது. மூளை ஓடுவதே குளுக்கோஸில்தான். 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழே போனால் பேச்சு, நடை, நிதானம் எல்லாமே தடுமாறும். அண்ணன் கையைத் தட்டிவிட்டது திமிரினால் இல்லை, சர்க்கரை இறங்கினால் சாதுவான ஆளுக்கும் முரட்டுக் கோபம் வரும். வெளியிலிருந்து பார்த்து இது போதையா சர்க்கரையா என்று சொல்லவே முடியாது, எங்களாலும் முடியாது, அதனால்தான் மயக்கமாக யார் வந்தாலும் முதலில் விரலில் குத்திப் பார்க்கிறோம், சில நொடி வேலை. இன்னொன்று, வாயில் மது வாடை வந்தாலும் சர்க்கரையைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் மது கல்லீரலைப் புதிதாகக் குளுக்கோஸ் உண்டாக்க விடாது, இரவு குடித்தவருக்கு மறுநாள் காலையில்கூட இறங்கலாம். 'தூங்கித் தெளியட்டும்' என்று விடுவதுதான் எனக்குப் பெரிய பயம், அப்படியே கோமாவுக்குப் போய்விடுவார்கள்.

ஆய்வகத்துக்காரன்

மெஷின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் அண்ணனுக்கு நடந்ததில் மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, அதை நம்பாததுதான் தப்பு. குழப்பம் வருவது எதிர்ப்பக்கத்தில், அதாவது இன்சுலின் போதாமல் சர்க்கரை ஏறி, ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் நிலை ஆகும்போது. அப்போது மூச்சில் அசிட்டோன் வாடை வீசும், பழுத்த பழம் போல ஒரு வாடை, அதை மது என்று நினைத்துவிடுவார்கள். விலை குறைந்த செமிகண்டக்டர் கருவிகள் அசிட்டோனையும் மதுவாக எண்ணிவிடலாம். ஃப்யூவல் செல் என்ற இன்னொரு வகைக் கருவி அசிட்டோனைக் கண்டுகொள்ளாது, ஆனால் உடம்பு அந்த அசிட்டோனில் கொஞ்சத்தை ஐசோபுரொபனால் என்ற வேறொரு ஆல்கஹாலாக மாற்றிவிட்டால் அதற்கு எண் காட்டலாம். எனவே குடிக்காதவருக்கு எண் வந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், கலந்திருப்பவற்றைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபியில், மதுவிலுள்ள ஆல்கஹாலான எத்தனால் தனியாகத் தெரிந்துவிடும்.

இன்சுலின் ஓட்டுநர்

நானும் இன்சுலின்தான், பல வருடமாக ஓட்டுகிறேன். கிளம்பும் முன் 90-க்குக் கீழே இருந்தால் சாவியைத் தொடமாட்டேன். வழியில் லேசாக வியர்த்தாலோ கை நடுங்கினாலோ உடனே ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. சாக்லெட்டை நம்பாதீர்கள், கொழுப்பு சேர்ந்திருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். எண் சரியானதும் கிளம்பிவிடவும் கூடாது, மூளை தெளியக் கூடுதல் நேரம் ஆகும், பிரிட்டனில் 45 நிமிடம் பொறுக்கச் சொல்கிறார்கள். கையில் 'சர்க்கரை நோயாளி, இன்சுலின்' என்று பொறித்த வளையம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், நாக்கு குழறும்போது அதுதான் பேசும்.

சட்டம் படித்தவன்

வளையம் நல்லதுதான் சகோ, ஆனால் எல்லாப் பொறுப்பையும் நோயாளி தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். 1984-ல் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் டெதோர்ன் கிரஹாம் என்பவருக்குச் சர்க்கரை இறங்கியது, நண்பர் காரில் கூட்டிப்போகும்போது போலீஸ் நிறுத்தியது, சர்க்கரை நோய் என்று நண்பர் சொல்லியும் கேட்காமல் குடிகாரன் என்று விலங்கு மாட்டினார்கள். இன்னொரு நண்பர் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தார், அதையும் கொடுக்க விடவில்லை. கால் எலும்பு முறிந்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு, போலீஸ் எவ்வளவு பலம் பிரயோகிக்கலாம் என்பதற்கு அங்கே இன்றும் அதுதான் அளவுகோல். சொன்னாலும் நம்பாதவர்களிடம் வளையம் என்ன செய்யும்? ஊதும் மெஷின் இருக்கும் ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் குளுக்கோமீட்டரும் இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தப் பயிற்சியும் கொடுக்க வேண்டும்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் இனி ஓட்டலாமா கூடாதா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. இறங்குவது தனக்குத் தெரியவே இல்லை என்கிறார்.

அவசரப் பிரிவு நர்ஸ்

அப்படியென்றால் டாக்டரைப் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம். நீண்ட நாள் நோயில் எச்சரிக்கை அறிகுறிகள் மழுங்கிவிடும், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கும், அது சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். இன்சுலின் அளவை மாற்றி, சர்க்கரை தாழ்வது சில வாரம் தவிர்க்கப்பட்டால் அறிகுறி திரும்ப வர நல்ல வாய்ப்பு உண்டு. உடம்பில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து பார்த்து அலாரம் அடிக்கும் சென்சார் பற்றியும் கேளுங்கள், அது ரத்தத்தின் அளவைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும், அதனால் வண்டி ஓட்டுபவர் அலாரத்தைக் கொஞ்சம் உயரமான எண்ணிலேயே வைப்பது நல்லது.