ஹிப்போகாம்பஸுக்கு ‘நினைவுமேடு’ வேண்டாம், ‘கடற்பரி’ என்று வைப்போம்

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். விலங்குகள் கண்ணால் கண்டு கற்பதையும், கற்றதை மறவாமல் வைத்திருப்பதையும் பற்றிப் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்க்கான சிறுநூல் ஒன்றை அடையாற்றில் நாங்கள் நால்வர் எழுதிவருவதை அறிவீர்கள். இரண்டாம் இயல், மூளையில் நினைவோடு தொடர்புடைய ஓர் உறுப்பின் பெயரான ஹிப்போகாம்பஸ் என்ற ஒரே சொல்லில் முட்டி நிற்கிறது. சென்ற வாரம் நான் அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு நினைவகம், நினைவுமேடு, ஒலிபெயர்ப்பே போதும் என மூன்று விடைகள் வந்தன. பெரும்பாலோர் நினைவுமேட்டின் பக்கம் இருக்கிறீர்கள். நான் அதற்கு உடன்படாததன் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நினைவகத்தை முதலில் விலக்கிவிடலாம். அச்சொல் கணினிக்குப் போய்ப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ‘எலியின் நினைவகத்தில் சேதம்’ என்று எழுதினால் படிப்பவர் மேசைமேல் கிடக்கும் எலியைத்தான் நினைப்பார்.

நினைவுமேட்டில் ‘மேடு’ பிழையன்று. மூளையின் பக்க அறையொன்றின் தரையில் அவ்வுறுப்பு உண்மையாகவே மேடாகப் புடைத்துக் கிடக்கிறது. ‘நினைவு’தான் இடிக்கிறது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், தீராத வலிப்பைத் தணிப்பதற்காக ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞரின் மூளையிலிருந்து இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதை ஒட்டிய திசுக்களையும் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அகற்றினார். அதன்பின் நடந்தது எதுவும் மொலைசனின் நினைவில் நிற்கவில்லை; ஆனால் அவருடைய இளமைக்காலம் அவரிடம் இருந்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து விண்மீன் வடிவத்தைச் சுற்றிக் கோடு இழுக்கும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தபோது, முந்தைய நாள் அதைச் செய்ததே நினைவில்லாத நிலையிலும் நாளுக்கு நாள் அவருடைய கை தேறிக்கொண்டே வந்தது. ஆகவே அவ்வுறுப்பு நினைவுகளைக் கொட்டிவைக்கும் பத்தாயமும் அன்று. எல்லா வகை நினைவும் நுழைந்தாக வேண்டிய வாயிலும் அன்று. நினைவுமேடு என்ற பெயரோ மாணவரிடம் இவ்விரண்டையும் சொல்லாமல் சொல்லிவிடும்.

குரங்குகளின் கதை இன்னும் பாடம் தருவது. ஒரு பொருளைக் குரங்குக்குக் காட்டி, சிறிது நேரம் கழித்து அதையும் புதிய பொருள் ஒன்றையும் சேர்த்து வைத்து, புதியதைத் தொட்டால் தின்பண்டம் கொடுப்பது கண்வழி நினைவை அளக்கும் ஒரு சோதனை. ஹிப்போகாம்பஸையும், அதன் முன்னே வாதுமைக் கொட்டை வடிவில் கிடக்கும் அமிக்டலாவையும் சேர்த்து இழந்த குரங்குகள் இதில் மிகவும் தடுமாறின என்று 1978இல் மார்ட்டிமர் மிஷ்கின் அறிவித்தார். அவ்விரு உறுப்புகளுக்கே அந்த வேலை என்று பலர் கருதினர். ஆனால் அவற்றை எட்டுவதற்கு அறுவைக் கத்தி கடந்துபோன, புறணி என்னும் மூளை மேலடுக்கின் பகுதிதான் உண்மையான இழப்பு என்பது 1980களின் இறுதியிலிருந்து 1993 வரை வெளிவந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. அந்தப் புறணியை மட்டும் நீக்கினாலே, கண்ட பொருளை மீண்டும் அறியும் திறன் பெரிதும் குலைந்தது. 1980இல் நாம் உட்கார்ந்து, செயலைப் பார்த்து அமிக்டலாவுக்கு ஒரு பெயர் வைத்திருந்தால், இப்போது அழிப்பானைத் தேடிக்கொண்டிருப்போம். (அந்தப் புறணியின் கிரேக்கப் பெயருக்கு ‘மூக்கைச் சுற்றியது’ என்பது பொருள். கண்ணால் கண்டதை அறிய உதவும் பகுதிக்கு மூக்கின் பெயர்! அருகிலுள்ள பள்ளத்தை வைத்து அதற்கு அப்பெயர் வந்தது. இடத்தைச் சொன்ன பெயராகையால் அது இன்றும் பொய்யாகவில்லை.)

நினைவுமேடு என்று வைத்தால், ‘தேனீயின் நினைவுமேடு எங்கே இருக்கிறது?’ என்று ஒரு மாணவி கேட்பாள், கேட்கத்தான் வேண்டும். தேனீக்கு ஹிப்போகாம்பஸ் கிடையாது. பூவின் நிறத்தையும் மணத்தையும் தேனோடு இணைத்துக் கற்பதில் அதற்கு உதவுவது, 1850இல் பிரெஞ்சு அறிஞர் ஃபெலிக்ஸ் துஜார்தேன் விவரித்த காளான் வடிவ இணை உறுப்புகள். நம் மீனவர் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸில் அப்பணி செங்குத்து மடல் என்னும் பகுதியைச் சார்ந்தது. வெள்ளைச் சதுரத்தோடு வரும் நண்டைத் தொட்டால் மின்னதிர்ச்சி கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட ஆக்டோபஸ்கள், அம்மடலை நீக்கியதும் அப்பாடத்தை மறந்து மீண்டும் மீண்டும் நண்டின்மேல் பாய்ந்ததை 1950களில் நேப்பிள்ஸில் பாய்காட்டும் யங்கும் கண்டனர். செயலே பெயருக்கு அடிப்படை என்றால் இம்மூன்றுக்கும் ஒரே பெயர் வைக்க வேண்டும். இவை ஒரே மூதாதை உறுப்பிலிருந்து வழிவந்தவையாக இல்லாதபோது அது பெருங்குழப்பம்.

தவறான பெயர் ஆய்வையே திசைதிருப்பியதும் உண்டு. பறவை முன்மூளையின் பெரும்பகுதி, பாலூட்டிகளில் ஆழத்தில் கிடக்கும் வரியுடல் என்னும் பகுதிக்கு இணையானது என்று லுட்விக் எடிங்கர் கருதியதால், அதன் பகுதிகள் பலவற்றின் பெயரிலும் ‘வரியுடல்’ ஏறிக்கொண்டது. பறவைகள் இயல்பூக்கத்தால் மட்டுமே இயங்குபவை என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. 2002இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வல்லுநர் பலர் கூடி அப்பெயர்களை மாற்றி, 2004இல் வெளியிட்டனர். முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சு முதலில் கண்ட உருவத்தைத் தாயாகப் பதித்துக்கொள்ளும் கண்வழிக் கற்றலுக்குத் தேவையென்று கேம்பிரிட்ஜில் கேப்ரியல் ஹார்ன் குழுவினர் காட்டிய பகுதியும் அப்போது பெயர் மாறியது. பழைய கட்டுரைகளில் ஒரு பெயர், புதியவற்றில் மற்றொன்று. எங்கள் மூன்றாம் இயலை எழுதுபவர் இதனால் படும் பாட்டை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

ஆகவே வடிவத்தை வைத்துப் பெயரிடுவோம் என்கிறேன். 1587இல் இத்தாலியின் பொலோனாவைச் சேர்ந்த அராண்சி, தாம் கண்ட மேட்டைக் கடற்குதிரை என்பதா பட்டுப்புழு என்பதா என்று தயங்கிக் கடற்குதிரை என்றார். பின்வந்தோர் ஆட்டுக்கடாவின் கொம்பு என்றனர். அந்தக் கொம்பு இன்றும் அதன் உட்பிரிவுகளின் பெயர்களில் ஒளிந்திருக்கிறது. ஆனால் அப்படியே கடற்குதிரை என்று வைத்தால், ‘எலியின் கடற்குதிரையை நீக்கினர்’ என்ற வாக்கியம் வகுப்பில் சிரிப்பைக் கிளப்பும். மன்னார் வளைகுடாவில் உயிரோடு திரியும் மீனுக்கும் அப்பெயர் வேண்டும். குதிரைக்குத் தமிழில் பெயர்ப்பஞ்சமா? மீன் கடற்குதிரையாகவே இருக்கட்டும். மூளையிலிருப்பது கடற்பரி ஆகட்டும். சொல் சிறியது, கடற்பரிச் செல், கடற்பரிப் புறணி என்று இழுத்த இழுப்புக்கு வரும். மணிவாசகர் கதையைக் கேட்ட எவருக்கும் பரி தெரியும். செயலால் வைத்த பெயர் இன்று பரியாக வந்து கொட்டிலில் நின்றாலும் இரவில் நரியாகி ஊளையிடும் என்பதையும் அக்கதையே சொல்லி வைத்திருக்கிறது.

அன்புடன்,
அடையாற்றிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

நான் கீழ்ப்பாக்கத்தில் நரம்பியல் மருத்துவம் பார்ப்பவள். நினைவுமேட்டை நீங்கள் மறுத்த காரணங்களை ஏற்கிறேன். கடற்பரியில்தான் எனக்கு இரண்டு தயக்கங்கள். மறதி நோயால் வரும் முதியவரின் ஸ்கேனைப் பார்த்து, ‘அம்மாவுக்கு ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறது’ என்று அவருடைய மகனிடம் நான் சொன்னால், அவர் அதைக் குறித்துக்கொண்டு தேடிப் படிக்க முடிகிறது. கடற்பரி என்றால் என்னைத் திருப்பிக் கேட்பார். மேலும், மேற்கே நண்டின் பெயரால் வழங்கிய நோய்க்கு நம்மவர் நண்டைத் தேடிப் போகாமல் புற்று என்று தம் கண்ணால் கண்ட உவமையைச் சொன்னார்கள். அராண்சி கண்ட கடற்குதிரையை நாமும் ஏன் காண வேண்டும்? பறவைக்கும் இவ்வுறுப்பு உண்டு; அதில் குதிரையும் இல்லை, கொம்பும் இல்லை.

*

அன்புள்ள மருத்துவர் அம்மாவுக்கு,

புற்றைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள். இரண்டு நாள் வேறு உவமை தேடினேன். சுருள், கொம்பு, மடிப்பு ஒவ்வொன்றும் மூளையில் ஏற்கெனவே வேறொன்றுக்கு வேண்டியிருக்கிறது. 1980இல் ஹங்கேரியின் லாஸ்லோ செரெஸ் மனித மூளையிலிருந்து இவ்வுறுப்பைத் தனியே எடுத்து, கடற்குதிரை ஒன்றின் அருகில் வைத்து எடுத்த படத்தைப் பாருங்கள். அராண்சியை நம்ப வேண்டியதில்லை. நம் கண்ணே சொல்லும்.

பறவையைப் பற்றிய தயக்கம் சரியானதே, ஆனால் அது என் பக்கம் நிற்கிறது. வட அமெரிக்காவில் கிளார்க் கொட்டையுடைப்பான் என்ற பறவை பல்லாயிரம் பைன் விதைகளை மண்ணில் புதைத்துவிட்டு, மாதங்கள் கழித்தும் இடம் தவறாமல் தோண்டியெடுக்கிறது. இரையைப் பதுக்கும் பறவைகளில் மூளையின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட இவ்வுறுப்பு பெரிதாக இருப்பதை 1989இல் இரு குழுவினர் தனித்தனியே காட்டினர். வடிவம் மாறினாலும் வழிவந்த உறுப்பு ஒன்றே என்பதால்தான் அந்த ஒப்பீடு பொருளுடையதாகிறது. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதிக்கு முகுளம், அதாவது மொட்டு, என்று பெயர்; அதைப் பார்த்து இன்று எவரும் மொட்டைத் தேடுவதில்லை. பெயர் தேய்ந்து குறியாகிவிட்டது. பரியும் அப்படித் தேயட்டும்.

நோயாளியின் மகனைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. எனவே நூலில் ஒவ்வோர் இயலிலும் முதல்முறை ‘கடற்பரி என்னும் ஹிப்போகாம்பஸ்’ என்று எழுதி, பிறகு கடற்பரி என்று மட்டும் வழங்குகிறேன்; உங்கள் அறையில் நீங்கள் ஹிப்போகாம்பஸ் என்றே சொல்லுங்கள். அந்த மூக்கோரப் புறணிக்கு ‘நாசிப்பள்ள ஓரப்புறணி’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன்; நீளம் உறுத்துகிறது, குறைத்துத் தந்தால் நன்றி. அமிக்டலாவுக்கு வாதுமையா பாதாமா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன். எங்கள் தெருவில் நிற்கும் மரத்தை எல்லாரும் பாதாம் மரம் என்றுதான் சொல்கிறார்கள். நூல்களில் அது நாட்டு வாதுமை. அதை இந்த இழையில் கலக்க வேண்டாம்.