ஆற்றுப் பாலத்தைப் பழுதுபார்த்தால் போதாதா, இடித்துத்தான் கட்ட வேண்டுமா?

அடையாற்றங்கரையான்:
எங்கள் பகுதியில் அடையாற்றின் மீதுள்ள பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்கிறார்கள். நாள்தோறும் அதைக் கடந்துதான் என் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறேன். தளத்தின் இணைப்புகளில் ஸ்கூட்டர் தடக்கென்று குதிப்பதையும், கைப்பிடிச் சுவரின் விரிசலில் ஓர் அரசங்கன்று முளைத்திருப்பதையும் தவிர வேறு குறை எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பழுதுபார்த்தால் தீரக்கூடிய ஒன்றுக்காக நாங்கள் ஆண்டுக்கணக்கில் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமா?

பாலப்பணி ஓய்வு:
பாலத்தின் மேலே நின்று அதன் நலத்தை அறிய முடியாது, ஐயா. வெள்ளக் காலத்தில் தூணில் மோதும் நீர் கீழ்நோக்கிச் சுழன்று அடித்தளத்தைச் சுற்றியுள்ள மணலைத் தோண்டிவிடும்; வெள்ளம் வடியும்போது அதே குழியில் புதுமணல் வந்து படிந்துவிடுவதால், சித்திரையில் போய்ப் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். திருச்சியில் கொள்ளிடத்தின் மீது 1928இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து இடிந்தது. பக்கத்தில் புதிய பாலம் இருந்ததால் போக்குவரத்து தப்பியது.

நீங்கள் சொல்லும் தடக்கென்ற ஓசையும் அற்பமானதன்று. இணைப்பின் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் மழைநீர் நேராகப் பியரிங்கின் (தளம் நகர இடம்கொடுத்து அதைத் தூணின் மேல் தாங்கும் பகுதி) மீது இறங்கும்; அது இறுகிப்போனால், வெயிலில் நீளும் தளம் நகர வழியின்றித் தூணின் தலையைத் தள்ளத் தொடங்கும். ஆனாலும் ஜாக்கி வைத்துத் தளத்தைத் தூக்கிப் பியரிங்கை மாற்றிவிடலாம். கம்பி துருப்பிடித்திருந்தால்தான் கதை வேறு. துரு பருத்துக் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அடித்தள ஆய்வறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள்.

சைதைக்காரன்:
மேலே உள்ள நண்பர் வலிமையை மட்டுமே பேசுகிறார். பாலம் கல்லுப்போல இருந்தாலும் தாழ்வாக இருந்தால் என்ன பயன்? 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையில் இதே அடையாற்றின் மீதுள்ள மறைமலையடிகள் பாலத்தின் மீதே வெள்ளம் ஏறிப் போக்குவரத்து நின்றதை எங்கள் தெருவே பார்த்தது. அதே இடத்தில் 1726இல் ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் கட்டிய மார்மலாங் பாலம் இருந்தது. 1966இல்தான் இப்போதுள்ள பாலம் வந்தது. (அந்தப் பழைய பாலத்தின் கல்வெட்டு சாலையோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது தனிக்கதை.) புதிதாகக் கட்டுவதென்றால், தூண்களுக்கு இடைப்பட்ட கண்களை அகலமாக்கித் தூண்களைக் குறைத்து, வெள்ளமட்டத்துக்கு மேலே தளத்தை உயர்த்திக் கட்டட்டும்.

பாலப்பணி ஓய்வு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மீட்டர் உயர்த்தினால், முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் இரு கரையிலும் முப்பது முப்பது மீட்டர் அணுகுசாலை நீளும். கரையோரக் கடைக்காரர்கள் எதிர்ப்பது அங்கேதான்.

அடையாற்றங்கரையான்:
அடையாற்றின் மீதுள்ள திரு.வி.க. பாலத்தின் பக்கத்தில் பழைய எல்பின்ஸ்டன் பாலம் இன்னும் நிற்பதுபோல, எங்களுடையதையும் நடப்பவர்களுக்காக விட்டுவைக்கலாகாதா?

பாலப்பணி ஓய்வு:
பழைய தூண்கள் ஆற்றுக்குள் நின்றால் ஆகாயத்தாமரையும் குப்பையும் அவற்றில் சிக்கி நீரை மறிக்கும். நீரின் சுழிப்பும் புதிய தூண்களின் பக்கம் திரும்பும். அடித்தளம் உறுதியானதென்று அறிக்கை சொன்னாலொழிய நான் அதற்கு உடன்படமாட்டேன்.

அடையாற்றங்கரையான்:
மனுவை இன்றே எழுதுகிறேன். அறிக்கை கிடைத்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.