அரிய ஹார்ட் ராக் இசைத்தட்டுகள்: நீங்கள் பார்த்தது, கேட்டது, சந்தித்த சேகரிப்பாளர்கள்

நானே தொடங்கிவைக்கிறேன். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் நடக்கும் பெரிய இசைத்தட்டுச் சந்தையில்தான் லீஃப் ஹவுண்ட் குழுவின் 'குரோயர்ஸ் ஆஃப் மஷ்ரூம்' மூலப் பதிப்பை, அதாவது முதன்முதலில் அச்சான தட்டை, முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். இங்கிலாந்தில் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் 1971இல் வெளியிட்டது. லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் 11 மணி நேரத்தில் மொத்த ஆல்பத்தையும் பதிவு செய்து முடித்துவிட்டார்கள். ஆனால் தட்டு அங்கே கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. பாடகர் பீட்டர் ஃபிரெஞ்ச் அட்டாமிக் ரூஸ்டர் என்ற இன்னொரு குழுவுக்குப் போய்விட்டார். மேடையேறிப் பாட ஆளே இல்லாத ஆல்பம் எப்படி விற்கும்? இன்று நல்ல நிலையில் இருக்கும் பிரதி ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகிறது.

அன்று அதை வாங்க வந்தவர் ஒரு வயதான ஜெர்மானியர். உறையை அப்புறம் பார்க்கலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு, தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். நடு ஓட்டையைச் சுற்றி ஸ்பிண்டில் உரசிய மெல்லிய கோடுகள் எத்தனை என்று பார்த்தார். தட்டு எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதை அவை சொல்லிவிடும். பிறகு, பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தை பூதக்கண்ணாடியால் பார்த்தார். டெக்கா தட்டு என்றால், எந்த மூல வார்ப்பிலிருந்து அச்சானது என்று காட்டும் மேட்ரிக்ஸ் எண் அங்கே அச்சுக் குத்தியிருக்க வேண்டும். கையால் கீறியிருந்தால் கள்ளப் பதிப்போ என்று சந்தேகப்பட வேண்டும். அந்த எண்ணின் கடைசி எழுத்து, டெக்காவில் மூலத் தட்டில் ஒலிப் பள்ளங்களை வெட்டிய பொறியாளரைக் குறிக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

கடைக்காரர் 'ஃப்ரீலான்ஸ் ஃபீண்ட்' பாட்டை ஓடவிட்டார். ஹெட்ஃபோனை முதலில் என்னிடம் நீட்டியவர், பணம் கொடுக்கப்போகிற அந்தப் பெரியவர்தான். திரும்பத் திரும்ப வரும் அந்த கிட்டார் ரிஃப் இன்னும் காதிலேயே நிற்கிறது.

*

டார்க் குழுவின் 1972 ஆல்பத்தை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் பையன்கள், சொந்தச் செலவில் நூறுக்கும் குறைவாகத்தான் அச்சடித்தார்கள். அந்தக் காலத்து பிரிட்டனில் இப்படி நிறைய நடந்திருக்கிறது. நூறு பிரதிக்குள் நிறுத்திக்கொண்டால் விற்பனை வரி கிடையாது என்பதால் 99 பிரதியோடு நிறுத்திய குழுக்கள் பல. நான் மறுபதிப்புதான் வைத்திருக்கிறேன். அதுவே போதும், அருமையான கிட்டார்.

*

என் அனுபவம் ஆப்பிரிக்கப் பக்கம். சித்தப்பா எழுபதுகளில் ஜாம்பியாவில் ஆசிரியராக இருந்தவர். அவர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் அந்த நாட்டு விட்ச் குழுவின் 'லேஸி போன்ஸ்' (1975) இருந்தது. கரகரவென்று ஃபஸ் கிட்டார் அலறும் ஜாம்ராக், அதாவது ஜாம்பிய ராக். தேடி வந்த பெங்களூர் சேகரிப்பாளர் ஒருவர், விலை பேசுவதற்கு முன்னால் தட்டைக் கழுவி, எங்களுக்கென்று ஒரு டிஜிட்டல் பிரதி எடுத்துக் கொடுத்தார். "விற்காவிட்டாலும் பரவாயில்லை சார், படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் விற்கவில்லை. அவர் மாதிரி ஆட்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அந்தக் குழுக்களின் கதையும் தெரிய வேண்டும். செம்பு விலை சரிந்து நாடே நொடித்தது, பிறகு எய்ட்ஸ் பல கலைஞர்களைக் கொண்டுபோனது. விட்சின் பாடகர் 'ஜகாரி' சண்டா ரத்தினக் கல் தோண்டிப் பிழைத்தார். பழைய தட்டுகள் சேகரிப்பாளர்கள் கையில் சுற்றி, மறுபதிப்பாக வந்த பிறகுதான் உலகம் அவரை மேடைக்குக் கூப்பிட்டது. 2023இல் 'ஸாங்கோ' என்று புது ஆல்பமே வந்துவிட்டது.

இன்னொரு ஜாம்பியக் குழுவான இங்கோஸி ஃபேமிலியின் '45,000 வோல்ட்ஸ்' மூலப் பதிப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். வாங்க வரவில்லை, உட்கார்ந்து ஒருமுறை முழுசாகக் கேட்க வேண்டும்.