புதுப்பிப்பு: வெயில் ஏறினால் கரகரக்கும் ஃபஸ் பெடல்

முதலில் கேட்டது இதுதான்: ஏசி128 என்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இரண்டு போட்ட ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல். காலையில் நன்றாகப் பாடுகிறது, மதியம் ஒவ்வொரு நோட்டின் வாலும் அறுந்துபோகிறது. சால்டரிங்கில் கோளாறு இல்லை. வேலூர் வெயில்தான்.

ஜெர்மேனியத்தில் சூடு சுமார் 10 டிகிரி கூடினால் கசிவு மின்னோட்டம் (பேஸில் எதுவும் கொடுக்காமலே டிரான்சிஸ்டர் வழியே ஓடுவது) ஏறக்குறைய இரட்டிப்பாகும். கத்திரியில், மூடிய அலுமினியப் பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால். இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் காலையில் 4.5 வோல்ட், மதியம் 6.5. பாசிட்டிவ் கிரவுண்ட் (பேட்டரியின் பிளஸ்ஸே கிரவுண்ட்) என்பதால் மீட்டர் மைனஸ் காட்டும், பதற வேண்டாம்.

கசிவை அளக்க, எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கலெக்டரை 2.4 கிலோ ஓம் வழியாக மைனஸிலும் கொடுத்து, பேஸை அந்தரத்தில் விடுங்கள். அந்த ரெசிஸ்டரின் குறுக்கே 0.24 வோல்ட் இருந்தால் கசிவு 100 மைக்ரோ ஆம்பியர். விரலால் பிடித்தபடி அளக்காதீர்கள். கைச்சூட்டுக்கே எண் மெல்ல ஏறும். இரண்டில் கசிவு குறைந்ததை முதல் டிரான்சிஸ்டராகப் போடுங்கள்.

இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் உள்ள 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 20 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) போட்டு, மதியம் அந்தக் கலெக்டரில் 5.5 வோல்ட் வரும்படி திருகினால் வால் திரும்பிவிடுகிறது. ஆனால் மறுநாள் காலை 2.7க்கு இறங்கி, சத்தம் சப்பென்று ஆகிறது. பாதி மருந்துதான்.

உருப்படியான வழி, முதல் டிரான்சிஸ்டரை மட்டும் கசிவு மிகக் குறைந்த சிலிக்கான் டிரான்சிஸ்டரான பிசி558 ஆக்குவது. தட்டை முகம் நம்மைப் பார்த்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். மாற்றியபின் டிரிம்பாட்டை மறுபடி திருகுங்கள். பெடலில் ரேடியோ நிலையச் சத்தம் கேட்டால் பிசி558இன் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 47 பிகோ ஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள்.