ரெட் அலர்ட் என்றாலே சேனலை மாற்றும் அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

ஏரிக்கரை:

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டம் மயிலம் பக்கம். எனக்குச் சென்னையில் வேலை, அப்பா அம்மா ஊரில்தான் இருக்கிறார்கள். மழைக்காலம் வந்தாலே எனக்கும் அப்பாவுக்கும் போனில் சண்டை வந்துவிடுகிறது. மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் என்று செய்தி வந்ததும் நான் கூப்பிட்டு, மாட்டை மேட்டுப் பக்கம் ஓட்டிக் கட்டுங்கள், நெல் மூட்டையைப் பரணில் ஏற்றுங்கள், போனை சார்ஜ் போட்டு வையுங்கள் என்பேன். "இவனுங்க ரெட்டுன்னு சொன்னாலே மறுநாள் வெயில் காயும்டா, போய் வேலையப் பாரு" என்று வைத்துவிடுவார். 2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டு, 16ஆம் தேதி பெரிதாக மழையே இல்லாமல் போனதே, அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

எனக்கு ஆறவே மாட்டேன் என்கிற விஷயம், அதே வருஷம் நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் வந்த ராத்திரியை அவர் நேரில் அனுபவித்தவர். சாயந்திரம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, புயல் கரையைக் கடக்கிறது என்று திரையின் கீழே எழுத்து ஓடியதைப் பார்த்ததும், சரி, ஆபத்து தாண்டிவிட்டது என்று படுத்துவிட்டார். மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் 51 செ.மீ. மழை. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்து தண்ணீர் தெருவுக்கு வந்தபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அம்மா ஒரு கட்டிலின் மேல் இன்னொரு கட்டிலைப் போட்டு ஆட்டுக்குட்டிகளை அதில் ஏற்றி வைத்துவிட்டு விடிய விடிய நின்றிருக்கிறார். இவ்வளவு பட்ட பிறகும் அப்பாவுக்கு எச்சரிக்கை என்றால் டிவிக்காரன் பேச்சுதான். ஒரே சேனலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுக்கும் அதே சிவப்புக் கட்டம், புயலுக்கும் அதே சிவப்புக் கட்டம் என்று பார்த்துப் பார்த்து அவருக்கு மரத்துப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

இவரை மாதிரிப் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். எப்படிப் பேசுகிறீர்கள்? டிவியை விட்டுவிட்டு வேறு எதைப் பார்க்கச் சொல்வது?


மழைக்கணக்கு:

முதலில் அந்த அக்டோபர் கதையைச் சரிசெய்து கொள்வோம், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். 16ஆம் தேதி மழை இல்லை என்பது உண்மை. ஆனால் 15ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை சோழவரத்தில் 30 செ.மீ., செங்குன்றத்தில் 28, ஆவடியில் 25. இது சின்ன மழையா? தென்சென்னையில் கொட்டவில்லை, வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்திய கார்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் மழையே பெய்யவில்லை என்று ஆகிவிட்டது. அப்புறம் மழைமேகம் ஆந்திரா பக்கம் ஒதுங்கியது, 17 அதிகாலை தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையேறியது. நூறு கிலோமீட்டர் இப்படி அப்படி ஆனால் ஒரு ஊர் தப்பிக்கும், இன்னொரு ஊர் மாட்டிக்கொள்ளும். கார் நிறுத்தியவர்களை அப்போது எவ்வளவு கேலி செய்தார்கள்! 2015 டிசம்பரில் வண்டியைத் தண்ணீரில் விட்டவர்கள் அவர்கள், செய்தது முழுக்கச் சரி.

இரண்டாவது, நிறம் எதற்கு என்பதையே டிவி சொல்வதில்லை. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் இப்போதே நடவடிக்கை எடு. மழைக்குச் சிவப்பு வருவது பெரும்பாலும் 20 செ.மீ.க்கு மேல் எதிர்பார்க்கும்போது. அதுவும் அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்று இருக்கும். மாவட்டத்தில் உள்ள மழைமானிகளில் கால்வாசிக்கும் குறைவான இடத்தில் என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு 'விழுப்புரத்துக்கு ரெட் அலர்ட்' என்று மட்டும் போட்டால், மழை பெய்யாத முக்கால்வாசிப் பேரும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். அறிக்கையை எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், வழியில் எவனோ பாதியை உதிர்த்துவிடுகிறான்.

மூன்றாவதுதான் உங்கள் வீட்டில் நடந்தது, எனக்கு இதில்தான் கோபம் அதிகம். கரையைக் கடப்பது என்றால் புயலின் மையம் நிலத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். அதைச் சுற்றியிருக்கிற மேகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஃபெஞ்சலில் காற்று மணிக்கு 70, 80 கி.மீ. தான், 2016 வர்தா புயல் மாதிரி மரங்களைச் சாய்த்துத் தள்ளவில்லை. ஆனால் கரையேறிய பிறகு புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அதற்கு அடுத்த நாள் ஊத்தங்கரையில் 50 செ.மீ., கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில்! திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரே இடத்தில் 7 பேர் செத்தது டிசம்பர் 1 சாயந்திரம், அதாவது 'புயல் கடந்து' கிட்டத்தட்ட ஒரு நாள் ஆன பிறகு. சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை ஊருக்குள் புகுந்தது அதற்கும் பிறகு. எல்லா சேனலும் கரையைக் கடக்கும் நேரத்துக்குக் கவுண்ட்டவுன் வைத்துவிட்டு, கடந்ததும் அடுத்த செய்திக்குப் போனால், உங்கள் அப்பா படுக்கத்தான் செய்வார். அவர்மேல் தப்பே இல்லை.


பழைய_நிருபர்:

ஒரு செய்திச் சேனலில் மாவட்ட நிருபராக இருந்தவன், இப்போது அந்தத் தொழிலில் இல்லை. உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

புயல் என்றால் லைவ் வண்டிகள் எல்லாம் சென்னைக் கடற்கரைக்கும் புதுச்சேரிக்கும் போய்விடும். அங்கே அலை இருக்கிறது, காற்று இருக்கிறது, குடை திரும்புகிறது, பார்ப்பதற்குப் படம் இருக்கிறது. இருட்டில் ஒரு ஏரிக்கரை அரிப்பதில் என்ன படம் இருக்கிறது? நான் உள்ளூரிலிருந்து போன் செய்து, ஐயா இங்கே ஓடை உடையப் போகிறது என்றால், "விஷுவல் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, கும்மிருட்டு, இன்னும் உடையவில்லை. அப்படியென்றால் உடைந்ததும் அனுப்பு. எச்சரிக்கை என்பதே உடைவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய விஷயம்தானே? அதற்கு விஷுவல் எப்படி இருக்கும்?

இன்னொன்று, மழைக்காலத்தில் நாள் முழுக்க வானிலைதான் ஓட வேண்டும், ஜனங்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். வானிலை மையம் தருவதோ ஒரு நாளைக்குச் சில அறிக்கைகள். நடுவில் இருக்கிற மணிக்கணக்கான நேரத்தை எதைப் போட்டு நிரப்புவது? காலையில் சொன்னதையே 'சற்றுமுன்' என்று போடுவார்கள். அந்தமான் பக்கம் ஒரு சுழற்சி உருவானாலே 'சென்னையை நோக்கி வருகிறதா?' என்று கேள்விக்குறி வைத்துத் தலைப்பு. கேள்விக்குறி இருந்தால் பொய் சொன்னதாகாது, இல்லையா. இதில் மாவட்ட நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, அனுப்புகிற செய்திக்குத்தான் காசு. முழங்கால் தண்ணீரில் நின்று பேசினால்தான் அந்தச் செய்தி ஓடும். பையன்கள் கரண்ட் கம்பி அறுந்து கிடக்கிற தண்ணீரில் இறங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று அவன் தண்ணீரில் நின்று சொல்கிறான், பார்ப்பவருக்கு அது எப்படி உறைக்கும்?


தென்னந்தோப்பு:

பேராவூரணியிலிருந்து எழுதுகிறேன். 2018 கஜா புயலுக்கு எச்சரிக்கை நன்றாகவே வந்தது, அதை மறுக்க மாட்டேன். அதிகாரிகள் ஊர் ஊராக வந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள், அதனால்தான் உயிர்ச் சேதம் அந்த அளவோடு நின்றது. நவம்பர் 16 காலையில் டிவி முழுக்க அரசாங்கத்துக்குப் பாராட்டு. அந்த நேரத்தில் இங்கே என்ன இருந்தது தெரியுமா, தென்னை மரங்கள் வேரோடு ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன, ஒன்றை அறுத்து இழுத்தால் பத்தடி தள்ளி அடுத்தது. பட்டுக்கோட்டைக்குப் போக வழியில்லை. எங்களிடம் கரண்ட் இல்லாததால் நாங்கள் அழிந்தது எங்களுக்கே டிவியில் தெரியவில்லை, சென்னைக்காரர்களுக்கு எப்படித் தெரியும். புயல் தப்பாமல் வந்தது, சொன்ன இடத்தில் வந்தது, ஆனால் வந்த பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தவனை எத்தனை சேனல் காட்டியது? தென்னை நட்டுக் காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம் ஆகும், அதுவரைக்கும் எவன் கேமராவும் நிற்காது, அது புரிகிறது. ஒரு வாரமாவது நின்றிருக்கலாம்.

ஏரிக்கரை தம்பி, உங்க அப்பாவுக்கு எச்சரிக்கைமேல் இருக்கிற கோபத்தில் பாதி இந்தக் கோபமாகக்கூட இருக்கலாம். அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஃபெஞ்சலுக்கு அப்புறம் உங்க ஊரை யார் காட்டினார்கள்?


காயல்_வாசி:

எல்லாப் பழியையும் டிவிமேல் போடுவதை நான் ஏற்க மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அதற்கு இரண்டு வாரம் முன்னால் மிக்ஜாம் புயலுக்காகச் சென்னையில் அத்தனை கேமரா, எங்களுக்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் எங்கள் மழைக்குப் பெயரே கிடையாது. அது புயல் இல்லை, குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்ததும் புயல் இல்லை. பெயர் வைத்தால்தான் பயப்பட வேண்டும் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

அப்புறம் நடந்த சண்டை இன்னும் மோசம். எச்சரிக்கை சரியாகவும் சரியான நேரத்திலும் வரவில்லை என்றது மாநில அரசு, 12ஆம் தேதியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தோம் என்றது மத்திய அரசு. ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தால் நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலில் மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான பேருக்கு இந்த விவாதத்தால் என்ன பயன்? என் கேள்வி வேறு. 20 செ.மீ.க்கு மேல் எவ்வளவு பெய்தாலும் அறிக்கையில் 'அதிகனமழை' என்ற ஒரே வார்த்தைதான். 21 செ.மீ. என்றால் தெருவில் தண்ணீர் நிற்கும். 95 செ.மீ. என்றால் ரயில் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இருக்காது. இரண்டுக்கும் ஒரே சிவப்பு. அவ்வளவு துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பார்கள், இருக்கட்டும். பெய்ய ஆரம்பித்த பிறகாவது சொல்லலாமே! ராத்திரி 10 மணிக்கு 40 செ.மீ. தாண்டிவிட்டது, ஆற்றோரம் இருப்பவர்கள் கிளம்புங்கள் என்று மைக்கில் சொல்ல எந்தக் கணினிக் கணிப்பும் தேவையில்லை. மழைக்கணக்கு, நீங்கள் எடுத்துப் போடுகிற எண்கள் எல்லாம் காலை எட்டரை மணிக்கு அளந்தவை. எங்களுக்கு எட்டரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.


குமரிக்கரை:

காயல்_வாசி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 ஒக்கி புயலில் 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற வரி யாருக்குப் போனது? கரையில் இருந்தவனுக்கு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள், அவர்கள் ஏற்கனவே உள்ளே இருந்தார்கள், போன் எட்டாத தூரத்தில். நவம்பர் 29 தாழ்வு மண்டலம், 30 காலையில் புயல். அதற்குள் எந்த விசைப்படகு திரும்பும்? எங்கள் கிராமங்களில் இன்னமும் ஆள் வராத வீடுகள் இருக்கின்றன. எச்சரிக்கை நல்லதா கெட்டதா என்று பேசுவதற்கு முன்னால், அது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும்.


ஏரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தென்னந்தோப்பு அண்ணே, நீங்கள் சொன்னபடி ராத்திரி போனில் கேட்டேன். "திண்டிவனம் ரோடு வரைக்கும் வந்தானுங்க, உள்ள வரல" என்றார். அதற்கு மேல் அரைமணி நேரம் பேசினார். இத்தனை நாளும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் வானிலை அறிக்கையை நம்பமாட்டார், ஆனால் ஏரியை நம்புவார். தினம் காலையில் கரைவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?


மழைக்கணக்கு:

முடியும், அதுதான் நல்ல வழியும். அடுத்த முறை ரெட் வந்தால் ரெட் என்றே சொல்லாதீர்கள். ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கலங்கலுக்கு இன்னும் எத்தனை அடி பாக்கி என்று அவரிடம் கேளுங்கள். நிரம்பிய ஏரிமேல் 20 செ.மீ. விழுந்தால் என்ன ஆகும் என்று நம் இருவரையும்விட அவருக்குத் தெரியும். மேல் ஏரி எது, அதன் உபரித் தண்ணீர் இங்கேதான் வருமா என்றும் கேட்டு வையுங்கள், ஏனென்றால் ஃபெஞ்சலில் பல ஊர்களில் தங்கள் ஏரி உடையாமலே மேல் ஏரித் தண்ணீர் வந்துதான் மூழ்கியது.

மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. சென்னையிலிருந்து நீங்கள் கூப்பிட்டால் விழுப்புரத்தின் எஸ்டிடி கோடு சேர்த்து அடியுங்கள், 04146. கிராம நிர்வாக அலுவலர் எண்ணும் ஏரி மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டியின் எண்ணும் அம்மா போனிலும் இருக்கட்டும், அப்பா போனில் மட்டும் இருந்தால் போதாது. டிவி பார்த்தால் பார்க்கட்டும், ஆனால் புயல் கடந்தது என்று வந்த பிறகு அடுத்த இரண்டு ராத்திரி மாடு மேட்டிலேயே நிற்கட்டும் என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.